கண்ணுச்சாமியார் கண்ணைத் தாழ்த்தினார்

யாராவது பேய்க்கதை பேச ஆரம்பித்தால் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்து போய்விடுகிற ஆள் நான். எங்கள் தூத்துக்குடிக் கடற்கரையில் அந்தக் கதைகளுக்குப் பஞ்சமே கிடையாது. சங்கு குளிக்கப் போனவன் கடலுக்கடியில் யாரோ தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பான், தோணியில் கொழும்புக்குப் போனவன் பாய்மரத்து உச்சியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள் என்பான். எனக்குத் தெரிந்ததெல்லாம் விடிந்ததும் ஒரு செபம், விளக்கு வைத்ததும் ஒரு செபமாலை, ஞாயிற்றுக்கிழமை பூசை, அவ்வளவுதான். எட்டாம் வகுப்போடு படிப்பு முடிந்துபோன எனக்கு அதற்கு மேல் ஒன்றும் தேவைப்பட்டதும் இல்லை. ஆகையால் இதைப் படித்துவிட்டு நீங்கள் நம்பவில்லை என்றால் உங்கள் மேல் எனக்கு வருத்தம் வராது. வேறொருவர் சொல்லக் கேட்டிருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது. புதுத் துறைமுகம் வந்து பெரிய கப்பலெல்லாம் அந்தப் பக்கம் போய், பழைய துறைமுகத்தில் தோணிகள் மட்டும் நின்ற சமயம். எங்கள் கோயில் பெயரைச் சொல்லவில்லை, சம்பந்தப்பட்ட குடும்பங்கள் இன்றைக்கும் அங்கே இருக்கின்றன. கடலோரத்தில் ஒரு சின்னக் கோயில், நாலு தெரு, அவ்வளவு பேரும் வேதக்காரர்கள், என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் சூசை, எனக்குப் படம் சட்டம் போடுகிற தொழில். வீட்டின் முன்னறைதான் கடை. மாதா படம், அந்தோணியார் படம், இருதயநாதர் படம் எல்லாம் அச்சடித்து வரும், அதற்குச் சட்டம் அறுத்து, வைரத்தால் கண்ணாடி வெட்டி, பின்னால் அட்டை வைத்துச் சின்ன ஆணி அடித்துக் கொடுப்பேன். என் மனைவி, மூத்த மகள் பிலோமி, இளையவன், நாங்கள் நாலு பேர்.

இளையவனுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்றவன் மிக்கேல். அப்படி நின்றவரும் பிள்ளையின் தகப்பனும் ஒருவருக்கொருவர் கும்பாதிரி முறை. அது சொந்த அண்ணன் தம்பியை விடப் பெரிய உறவு, ஏனென்றால் அண்ணன் தம்பி சண்டை போடலாம், கும்பாதிரிமார் போடக்கூடாது, போட்டால் அந்தப் பிள்ளைக்கு ஆகாது என்பார்கள். சின்ன வயதில் மிக்கேலும் நானும் ஏலே, என்னலே என்றுதான் பேசிக்கொண்டோம். ஞானஸ்நானம் முடிந்த அன்றிலிருந்து வாரும், இரும், சொல்லும் என்று மரியாதைதான். மிக்கேல் எங்கள் கோயிலில் கோயில்பிள்ளை. மணி அடிப்பது, பீடத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவது, கதவு திறந்து பூட்டுவது எல்லாம் அவன் பொறுப்பு. கோயிலை ஒட்டின ஒரு அறையில் பெண்சாதி பிள்ளைகளோடு குடியிருந்தான்.

அந்தக் கோயிலில் பீடத்துக்கு இடது பக்கச் சுவரில் ஒரு படம் உண்டு. நூறு வருடத்துக்கு முந்தின ஒரு வெள்ளைக்காரச் சாமியார், கறுப்பு அங்கி, செம்பட்டைத் தாடி, மடியில் ஒரு புத்தகம், பின்னால் மங்கலாகக் கடல். அவர் பெயர் யாருக்கும் தெரியாது. கண்ணுச்சாமியார் என்றுதான் சொல்வோம், எங்கே நின்றாலும் அவர் கண் நம்மைத்தான் பார்க்கும். யார் மேலாவது ஒரு குற்றம் வந்தால், அந்த ஆள் வலது உள்ளங்கையைத் தீர்த்தத் தொட்டியில் நனைத்து, ஈரத்தோடு படத்துக் கண்ணாடி மேல் சாமியார் நெஞ்சுக்கு நேராக வைத்து, அவர் கண்ணைப் பார்த்துச் சத்தியம் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் அதோடு பேச்சு முடிந்தது. ஒருவன் வலை திருடவில்லை என்று சத்தியம் பண்ணப் போய், யாரும் கேட்காத கோழி ஒன்றைத் திருடினதைச் சொல்லிவிட்டு வந்தான். அப்படிப்பட்ட பார்வை அது.

அந்த வருடம் பிலோமிக்குக் கலியாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை பக்கத்துத் தெரு, தோணி ஓட்டுகிற தண்டலின் மகன், நல்ல பையன். எங்களில் கலியாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள், இன்னாருக்கும் இன்னாருக்கும் கலியாணம், தடை இருந்தால் சொல்லலாம் என்று. தவக்காலத்தில் கலியாணம் கிடையாது, ஓலை மட்டும் வாசிக்கலாம். முதல் ஓலை முடிந்தது, குருத்து ஞாயிறன்று இரண்டாவது ஓலை முடிந்தது. மூன்றாவது ஓலை ஆண்டவர் உயிர்த்த பாஸ்காத் திருநாள் பூசையில். அது மட்டும்தான் பாக்கி. என் மனைவி முறுக்கு மாவு இடித்து வைத்தாயிற்று.

குருத்து ஞாயிறுக்கு மறுநாள் மிக்கேல் ஒரு பழைய போர்வையில் எதையோ சுற்றிக்கொண்டு வந்தான். பிரித்தால் கண்ணுச்சாமியார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பங்குச்சாமியாரும் ஊர்ப் பெரியவர்களும் இல்லாமல் அந்தப் படத்தைச் சுவரிலிருந்து எடுக்கக் கூடாது. நடந்தது இதுதான்: தவக்காலக் கடைசியில் கோயிலில் உள்ள சுரூபம், படம் எல்லாவற்றையும் ஊதாத் துணியால் மூடிவிடுவோம் அல்லவா, அப்படி மூடுகிறபோது மிக்கேலின் ஏணி சாய்ந்து சாமியார் கண்ணாடியில் கீறல் விட்டுவிட்டது. புதிதாக வந்த பங்குச்சாமியார் கண்டிப்பானவர், ஏற்கெனவே மிக்கேலை ஒருமுறை எச்சரித்திருந்தார். அதனால் துணிக்குப் பின்னால் ஒரு பழைய தட்டியை மாட்டிவிட்டுப் படத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். பாஸ்காவுக்குத் துணி எடுக்கும்போது புதுக் கண்ணாடியோடு இருந்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்பது அவன் கணக்கு.

மறுநாள் சட்டத்தைப் பிரித்தேன். மிக்கேல் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டார் பந்திக்கு ஆட்டுக்கறி போதாது என்று சொன்னதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான். கண்ணாடியை எடுத்ததும் படத்தின் மேல் உப்புப் பூத்தாற்போல் ஒரு மங்கல் தெரிந்தது, அங்கியின் கீழ்ப்பக்கம் திட்டுத் திட்டாக இருந்தது. இத்தனை வருடத்துச் சத்திய ஈரம் கண்ணாடி ஓரத்தில் இறங்கி அப்படி ஆகியிருக்க வேண்டும். எனக்கு அது புரியவில்லை. பூஞ்சை என்று நினைத்துவிட்டேன். என் வாழ்நாளில் நான் தொட்டதெல்லாம் அச்சுப் படம், எண்ணெய் வண்ணப் படம், அவ்வளவுதான். தண்ணீரில் கரைத்துத் தாளில் தீட்டுகிற வண்ணம் என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. எந்தப் படம் வந்தாலும் முதலில் மாதாவைக் கும்பிட்டு, ஈரத்துணியால் முகத்தைத் துடைப்பேன், அது ஒரு மரியாதை. அதே மரியாதையோடு சாமியார் முகத்தைத் துடைத்தேன்.

துணியில் தோல் நிறம் வந்தது. தாடியின் செம்பட்டை வந்தது. கண் இருந்த இடத்தில் சாம்பலும் நீலமுமாக ஒரு தீற்றல். முகமே இல்லை.

மிக்கேல் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டான். நான், இப்பொழுதே போய்ப் பங்குச்சாமியாரிடம் சொல்லிவிடுகிறேன் என்று எழுந்தேன். அவன் என் கையைப் பிடித்து உட்கார வைத்தான்.

"இரும் கும்பாதிரி. இப்பம் போய்ச் சொன்னா மூணாவது ஓலை வாசிப்பாங்களா? பாஸ்கா முடியட்டும். கொண்டாந்தது நான், உடைச்சதும் நான். நானே சொல்லுதேன். உம்ம பேரு இதுல வராது. நம்ம பிள்ளை தலைமேல சத்தியம்."

எங்கள் இளையவன் தலையைச் சொன்னான். அவன் தலையில் ஞானஸ்நானத் தண்ணீர் விழுந்தபோது இவன்தான் கையைப் பிடித்தான். நான் நம்பினேன். நம்பாமல் எப்படி?

மறுநாள் புதன்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தெருவில் ஈ காக்கை கிடையாது, அப்படி ஒரு வெயில். நான் கடையில் அந்தப் படத்தின் முன்னால் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாசலில் ஒருவர் நின்றார். ஐம்பது வயது இருக்கும். கழுத்துவரை பித்தான் போட்ட பழைய கோட்டு, முழங்காலுக்குக் கீழ் கட்டின வேட்டி, பின்னால் முடிந்த குடுமி. ஆத்தூர்ப் பக்கத்து ஆளாக இருக்கும் என்று நினைத்தேன், அந்தப் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால்காரர்கள் சிலர் அப்போதும் குடுமி வைத்திருந்தார்கள்.

படம் கெட்டுப்போச்சாமே என்றார். மிக்கேல்தான் எங்கோ ஒரு ஓவியரைப் பிடித்து அனுப்பியிருக்கிறான் என்று எனக்குள் ஒரே சந்தோஷம். வாருங்கள், உட்காருங்கள் என்றேன், வேறு எதுவும் கேட்கவில்லை, பெயரைக்கூடக் கேட்கவில்லை. இந்த முட்டாள்தனத்தை நினைத்து எத்தனையோ நாள் தூங்காமல் கிடந்திருக்கிறேன்.

அவர் தண்ணீர் கேட்டார். ஏளா பிலோமி, தண்ணி கொண்டா என்று உள்ளே குரல் கொடுத்தேன், அவள் கிணற்றுத் தண்ணீரை ஒரு தம்ளரில் கொண்டுவந்து உள்வாசல் படியில் வைத்துவிட்டுப் போனாள். அவர் விரல் நுனியை அதில் விட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, இது உப்பு, வண்ணம் திட்டாயிரும், நல்ல தண்ணி வேணும் என்றார். எங்கள் ஊரில் நல்ல தண்ணீர் என்றால் குடத்தில் பிடித்து வைத்துக் குடிக்கிற தண்ணீர், அதை யாரும் வேறு எதற்கும் எடுப்பதில்லை. பிலோமி முணுமுணுத்துக்கொண்டே அதைக் கொண்டுவந்து வைத்தாள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அன்றைக்கு இரண்டு தம்ளர் தண்ணீர் கொடுத்தது அவளுக்கும் ஞாபகம் இருக்கிறது. ஆளை அவள் பார்க்கவில்லை.

அவர் மடியிலிருந்து ஒரு துணி முடிச்சை அவிழ்த்தார். உள்ளே ஏழெட்டு முத்துச் சிப்பி ஓடு, ஒவ்வொன்றின் குழியிலும் ஒரு காய்ந்த வண்ணம், அணில்மயிர் வைத்துக் கட்டின மெல்லிய தூரிகை இரண்டு. படத்தைத் தொடைமேல் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கிவிட்டார். மாதிரி எதுவும் இல்லை, கோடும் போடவில்லை. முதலில் நெற்றி வந்தது, பிறகு மூக்கு, கன்னத்துக் குழி, தாடி. நான் தினம் பார்த்து வளர்ந்த முகம் என் கண் முன்னால் தாளுக்குள்ளிருந்து எழுந்து வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

கையை நிறுத்தாமலே பேசினார். சாமியார் தன் தாய்க்கு அனுப்ப ஒரு படம் வேண்டும் என்று கேட்டதாகவும், ஒரு மாதம் போல எதிரெதிரே உட்கார்ந்து வரைந்ததாகவும், அப்படி வரைந்துகொண்டிருந்த ஒரு நாளில் கோயிலில் மாதா தலையில் சூட்டுகிற வெள்ளி முடி காணாமல் போய்விட்டதாகவும் சொன்னார். வெளியூர்ப் படக்காரன்தான் எடுத்திருப்பான் என்று எல்லாரும் சொன்னார்களாம். நான், நான் என்றேதான் சொன்னார். பாட்டன் கதையைத் தன் கதை போலச் சொல்கிறவர்கள் உண்டு அல்லவா, இவரும் அப்படித்தான் என்று நினைத்தேன்.

"அன்னைக்குக் காலையில இருந்து விளக்கு வைக்கிற வரைக்கும் நான் அவர் முன்னாலதான் இருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தாப் போதும். சபையில வச்சு அவரைக் கேட்டாங்க. தரையைப் பார்த்தாரு."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். முடியை எடுத்தவன் பெரிய வீட்டு ஆள் என்றார். பிறகு என்ன ஆயிற்று என்றேன். தூரிகையை நனைத்துக்கொண்டே, அதுக்கப்புறமும் படத்தை முடிச்சுக் குடுக்கச் சொன்னாங்க, முடிச்சேன், ஆசைக்கு அவர் என்னை நேரா பாக்கிற மாதிரி கண்ணை வரைஞ்சேன், என்றார். அந்த 'ஆசைக்கு' என்ற சொல்லை அவர் சொன்ன விதம் இன்றும் என் காதில் இருக்கிறது.

கடைசியாகக் கண் போட்டார். இரண்டே தொடுதல். படத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, இப்பம் சரியா இருக்கு என்று எழுந்தார். நான் கையெடுத்துக் கும்பிட்டு, காப்பி சாப்பிட்டுப் போகலாம் என்று உள்ளே திரும்பிச் சொல்லிவிட்டுப் பார்க்கிறேன், வாசலில் வெயில்தான் இருந்தது. தெரு முனை வரை போய்ப் பார்த்தேன், இரண்டு பக்கமும் யாருமில்லை. தம்ளரில் கொஞ்சம் கலங்கின தண்ணீர் இருந்தது.

திரும்பி வந்து நிதானமாகப் படத்தைப் பார்த்தேன். முகம் அதே முகம், ஒரு மயிரிழை மாற்றமில்லை. கண் மட்டும் கீழே பார்த்தது. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல மனமில்லாதவன் தரையைப் பார்ப்பானே, அந்தப் பார்வை.

அப்போதுகூட நான் பயப்படவில்லை. முகம் கிடைத்ததே பெரிது, கண் கொஞ்சம் தாழ்ந்திருந்தால் யார் கவனிக்கப் போகிறார்கள் என்று புதுக் கண்ணாடி போட்டு ஆணி அடித்துவிட்டேன். பாஸ்காவுக்கு முந்தின நாள், பெரிய சனிக்கிழமை மத்தியானம் மிக்கேல் ஓட்டமும் நடையுமாக வந்தான். நீர் அனுப்பின ஆள் கெட்டிக்காரர் என்றேன். நான் யாரையும் அனுப்பலையே என்றான். விவரம் சொல்ல வாயெடுத்தால், நேரமில்லை, பங்குச்சாமியார் பாவசங்கீர்த்தனத் தொட்டியில உக்காந்து பாவம் கேட்டுக்கிட்டிருக்காரு, அவர் வெளியே வரதுக்குள்ள மாட்டணும் என்று, போர்வையைக்கூடப் பிரித்துப் பார்க்காமல் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

பாஸ்காக் காலையில் நாங்கள் புதுத்துணி உடுத்திக்கொண்டு கோயிலுக்குப் போனபோது ஊதாத் துணியெல்லாம் எடுத்தாயிற்று. இடது பக்கச் சுவரருகில் கூட்டம். முதலில் சில பெண்கள், புதுமை நடந்திருக்கு, சாமியார் நம்ம பாவத்தைப் பார்க்கப் பொறுக்காமக் கண்ணைத் தாழ்த்திட்டாரு என்று முழங்காலிட்டு அழுதார்கள். அதோடு போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பெரியவர் ஒருவர் கண்ணாடியில் விரலை வைத்து இழுத்துப் பார்த்தார்.

"கண்ணாடி புதுசாயிருக்கே. புதுமை செய்யுத சாமியாரு கண்ணாடியையுமா மாத்துவாரு?"

சிரிப்பு எழுந்தது, பிறகு எல்லார் தலையும் என் பக்கம் திரும்பியது. அந்தத் தெருக்களில் கண்ணாடி போடுகிறவன் நான் ஒருவன்தான். பூசை நடந்தது. நான் மூன்றாவது ஓலைக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். பங்குச்சாமியார் மற்ற அறிவிப்பெல்லாம் வாசித்தார், எங்கள் ஓலையை மடித்து அங்கிக்குள் வைத்துக்கொண்டார். பெண்கள் பக்கம் பிலோமி தலைமுக்காட்டை முகம்வரை இழுத்துவிட்டது எனக்குத் தெரிந்தது.

பூசை முடிந்ததும் படத்தின் முன்னாலேயே விசாரணை. பழைய படத்தை எடுத்து வைத்துக்கொண்டு வேறு படத்தை மாட்டிவிட்டேன், பழசை ஏதோ கப்பல்காரனுக்குக் கொடுத்துவிட்டேன் என்று பேச்சு. நான் ஒளிக்காமல் சொன்னேன். துடைத்தது, முகம் அழிந்தது, ஒருவர் வந்து வரைந்தது எல்லாம். ஒருவர் வந்து வரைந்தாராம், பெயர் தெரியாதாம், ஊர் தெரியாதாம் என்று எனக்கே கேட்கக் கேவலமாக இருந்தது. ஆனால் எனக்குப் பயமில்லை. இதே தாள்தான் என்பதற்குச் சாட்சி என் பக்கத்திலேயே நிற்கிறதே. அவன் கொண்டுவந்தான், முகம் அழிந்ததை அவன் பார்த்தான், திரும்பக் கொண்டுபோனதும் அவன்தான். அவன் ஒரு வார்த்தை சொன்னால் அந்த நிமிடமே ஓலையை வாசித்துவிடலாம். கும்பாதிரியிடம் கேளுங்கள் என்றேன்.

பங்குச்சாமியார் மிக்கேலைப் பார்த்தார். மிக்கேல் போய் உள்ளங்கையைத் தீர்த்தத் தொட்டியில் நனைத்துக்கொண்டு வந்தான். கண்ணாடி மேல் கையை வைத்தான். தலையை நிமிர்த்திப் படத்தின் கண்ணைப் பார்த்தான்.

"படத்தை நான் தொடல. துணி மூடியிருந்த சமயம் சூசைதான் வந்து எடுத்திருக்கணும். முகம் அழிஞ்சதை நான் பார்க்கல. இது நம்ம சாமியார் படம் இல்ல."

நான்கு வாக்கியம். குரல் நடுங்கவில்லை. அவன் கைக்குக் கீழிருந்து தண்ணீர் கண்ணாடியில் வழிந்து சட்டத்தில் இறங்கியது. கூரை இடிந்து விழவில்லை, அவன் கை மரத்துப்போகவில்லை. கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டு சாவிக்கொத்தோடு உள்ளே போய்விட்டான், என் பக்கம் திரும்பவே இல்லை.

நானும் சத்தியம் செய்கிறேன் என்று கையை நனைத்தேன். பார்க்காத சாமியார் முன்னால யாரு வேணும்னாலும் சத்தியம் பண்ணலாம்லா என்று பின்னாலிருந்து ஒருவன் சொன்னான். அந்தச் சாமியார் முன்னால்தானே மிக்கேலும் பண்ணினான் என்று நான் கேட்கவில்லை. நனைத்த கையோடு நின்றேன்.

அன்று சாயங்காலம் மாப்பிள்ளையின் தகப்பனார், அந்தத் தண்டல், எங்கள் வீட்டுக்கு வந்தார். நல்ல மனுஷர், உட்காரவில்லை, "கொஞ்ச நாள் போகட்டும் அண்ணாச்சி, படம் கிடைக்கட்டும்" என்றார். கிடைக்கிறதுக்கு வேறு படம் இருந்தால்தானே. மூன்றாவது ஓலை வாசிக்கவே இல்லை. அடுத்த வருடம் அந்தப் பையனுக்கு வேறு இடத்தில் முடிந்தது. பிலோமி ஆசிரியைப் பயிற்சி படித்து நாசரேத்துப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குப் போனாள், கலியாணப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவாள், இன்றுவரை தனியாகத்தான் இருக்கிறாள். சாமியார் படத்தைப் பங்கிலிருந்து எங்கள் வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள், உங்கள் பொருளை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று. எங்கள் தெருவில் ஒருவரும் என்னிடம் சட்டம் போட வருவதில்லை என்றானதும் மில்லர்புரத்துக்குக் குடிமாறினோம்.

மிக்கேலை நான் எப்படிப் பொறுத்துக்கொண்டேன் என்று கேட்பீர்கள். நானாக ஒரு சமாதானம் கண்டுபிடித்து வைத்திருந்தேன். வேலை போய்விடும், குடியிருக்கிற அறை போய்விடும் என்ற பயத்தில் படத்தைத் தொடவில்லை என்று சொல்லிவிட்டான், பிள்ளைகுட்டிக்காரன். ஆனால் கடைசியாகச் சொன்னானே, இது நம்ம படம் இல்லை என்று, அதை அவன் மனதறிந்து சொல்லியிருக்க மாட்டான். வரைந்து முடித்த முகத்தை அவன் என் கடையில் பார்க்கவே இல்லை, மற்றவர்களைப் போல அவனும் அந்தத் தாழ்ந்த கண்ணைப் பார்த்து ஏமாந்துதான் போயிருப்பான். அந்த ஒரு இடத்தை அவனுக்காக விட்டு வைத்திருந்தேன். பரலோக மந்திரம் சொல்லும்போது, மன்னிக்கிற அந்த வரியில் என் குரல் இறங்கும், ஆனாலும் சொல்லி முடித்துவிடுவேன்.

நாலைந்து வருடம் கழித்து ஒரு பகல் பொழுதில் மிக்கேல் மில்லர்புரம் வீட்டுக்கு வந்தான். ஆள் பாதியாக இளைத்து, இருமிக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தான். மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருக்கிறான் என்று தெரிந்தது. உட்காரும் என்றேன். உட்காரப் போனவன் செபம் சொல்கிற இடத்தில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான்.

"இன்னும் அப்படியேதான் பாக்காரு" என்றான்.

யாரு என்று கேட்டேன்.

"சாமியாருதான். அன்னைக்குக் கையை வைக்கும்போதும் இப்படித்தான் நேரா என் கண்ணையே பாத்தாரு. எல்லாரும் ஏன் தரையைப் பாக்காரு, தரையைப் பாக்காருன்னு சொன்னாங்கன்னு எனக்கு இன்னும் விளங்கல. ஊரே பைத்தியம் மாதிரி பேசிச்சு."

நான் படத்தைப் பார்த்தேன். கண் கீழேதான் இருந்தது. கீழேதானே பார்க்கிறார், நன்றாகப் பாரும் என்றேன். அவன் முகம் கோணியது. இத்தனை வருட மரியாதையெல்லாம் போய்விட்டது.

"ஏலே சூசை, சாகப் போறவன்கூட விளையாடாதல."

நானும் மரியாதையை விட்டேன்.

"அப்பம், அது நம்ம சாமியார் படம்தான்னு அன்னைக்கே உனக்குத் தெரியும்."

"தெரியும்லே" என்றான். பிறகு, அந்தப் படத்தைக் கொஞ்சம் திருப்பி வை என்று கேட்டான். நான் திருப்பவில்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டு, ஓரமாக ஒட்டி ஒட்டி நடந்து வெளியே போனான். கேட்க வந்த மன்னிப்பைக் கேட்கவும் இல்லை. அந்த மழைக்காலத்தில் செத்துப்போனான், அடக்கத்துக்குப் போனேன், ஒரு பிடி மண் போட்டேன்.

வந்து வரைந்தவர் யார் என்று நான் யாரிடமும் வாதாடுவதில்லை. இறந்துபோனவர் திரும்பி வருவார் என்று என் வேதம் எனக்குச் சொல்லித் தரவில்லை. அதையெல்லாம் ஆண்டவரிடம் விட்டுவிட்டேன். விட முடியாதது வேறொன்று. பொய்ச் சத்தியம் பண்ணினவனை அந்தச் சாமியார் இரண்டு முறை நேருக்கு நேர் பார்த்திருக்கிறார். நான் தினம் இரண்டு வேளை அவர் முன்னால் முழங்காலில் நிற்கிறேன். வலது பக்கம் நின்றும், இடது பக்கம் நின்றும், முக்காலி போட்டு ஏறியும் பார்த்தாயிற்று. தரையைத்தானே பார்க்கிறார் என்று, வீட்டில் யாரும் இல்லாத ஒரு நாள், படத்துக்கு நேர் கீழே தரையில் மல்லாந்து படுத்து அண்ணாந்து பார்த்தேன். அவர் பார்வை என் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி வெறுந்தரையில் இருந்தது. அந்த இடத்துக்கு நகர்ந்து படுத்தேன். அங்கிருந்து பார்த்தபோதும் ஒரு சாண் தள்ளித்தான் இருந்தது.